2 சிபியுவில் கிடைக்கும் ப்ளகின் 8 சிபியுவில் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: ஜாவா 8இலிருந்து 17க்கு மாறும்போது எங்கள் அப்ளிகேஷனை மாட்யூல்களாகப் பிரித்தோம். ப்ளகின்களுக்குத் தனி மாட்யூல்லேயர் (ஓடும்போது சேர்க்கும் மாட்யூல்களின் தொகுப்பு), அதற்கு ஒரே லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றுவது); அந்த லோடரைத்தான் மெயின் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடராக (ஒவ்வொரு த்ரெட்டும் தன்னோடு வைத்திருக்கும் லோடர்) வைத்திருக்கிறோம். ஒரு இன்டர்ஃபேஸுக்கான ப்ளகின்களைத் தேடித் தரும் சர்வீஸ்லோடர், மெயின் த்ரெட்டில் எல்லாவற்றையும் தருகிறது. அதே வரியை கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரின் சப்ளைஅசிங்க் (வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பும் மெத்தட்) உள்ளே போட்டால் ஒன்றும் வரவில்லை, எரரும் இல்லை. 2 சிபியு உள்ள டெஸ்ட் கன்டெய்னரில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது, 8 சிபியு ப்ரொடக்‌ஷனில் இல்லை. மாட்யூல்-இன்ஃபோவில் (மாட்யூல் எதைப் பயன்படுத்துகிறது, எதைத் தருகிறது என்று அறிவிக்கும் கோப்பு) எதை விட்டுவிட்டோம்?

பதில்: மாட்யூல்-இன்ஃபோவை மூடி வையுங்கள், தப்பு அங்கே இல்லை. 'யூசஸ்' வரி (இந்த சர்வீஸைப் பயன்படுத்துகிறேன் என்ற அறிவிப்பு) விட்டுப்போயிருந்தால் சர்வீஸ்லோடர் இப்படி அமைதியாக இருக்காது, சர்வீஸ்கான்ஃபிகரேஷன்எரர் வீசியிருக்கும். 'ப்ரொவைட்ஸ்' (இந்த சர்வீஸைத் தருகிறேன் என்ற அறிவிப்பு) விட்டுப்போயிருந்தால் மெயின் த்ரெட்டிலும் ப்ளகின் வந்திருக்காது.

உங்கள் 'லோட்' அழைப்புக்கு இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும்தான் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் கொடுத்தால், எந்த லோடரில் தேடுவது என்பதை அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர்தான் முடிவு செய்கிறது. ஆக, வரி ஒன்றுதான், ஆனால் எந்த த்ரெட்டில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து பதில் மாறும்.

சப்ளைஅசிங்க் வேலையை ஃபோர்க்ஜாயின்பூலின் காமன் பூலுக்கு (ஜேவிஎம் முழுக்கப் பொதுவான த்ரெட் கூட்டம்) அனுப்புகிறது. ஜாவா 8இல் அந்தப் பூலின் த்ரெட்டுகள், தங்களை உருவாக்கிய த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் லோடரை அப்படியே எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது: பூல் சாகாது, அது பிடித்து வைத்திருக்கும் பழைய லோடரும் சாகாது, ரீடிப்ளாய் செய்யச் செய்ய மெமரி ஒழுகும். அதனால் 2017இல் வந்த ஜாவா 9இல், காமன் பூல் த்ரெட்டுகளுக்கு எப்போதும் சிஸ்டம் கிளாஸ்லோடர்தான் (அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றும் இயல்பான லோடர்) என்று மாற்றிவிட்டார்கள். சிஸ்டம் லோடருக்கு உங்கள் ப்ளகின் லேயர் இருப்பதே தெரியாது. தேடுகிறது, இல்லை, காலியாகத் திரும்புகிறது. ஒன்றும் கிடைக்காதது சர்வீஸ்லோடர் கணக்கில் பிழையே கிடையாது, அதனால்தான் எரர் வரவில்லை.

அப்படியானால் 2 சிபியுவில் மட்டும் எப்படி ஓடியது? எனக்குப் பிடித்த இடமே இதுதான். காமன் பூலின் பேரலலிசம் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட்டுகளின் அளவு) வழக்கமாக சிபியு எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அதாவது உங்கள் கன்டெய்னரில் 1. அது ஒன்றைவிட அதிகமாக இல்லையென்றால் ஜாவா 17இன் கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சர் காமன் பூலைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக ஒரு த்ரெட் போடும். புது த்ரெட் தன்னைப் பெற்ற த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் லோடரோடு பிறக்கிறது, ப்ளகின் கிடைத்துவிடுகிறது. ஆக, டெஸ்ட்டில் நீங்கள் சோதித்தது வேறு பாதையை.

சந்தேகமிருந்தால் சப்ளைஅசிங்க் உள்ளே த்ரெட் பெயரையும் கான்டெக்ஸ்ட் லோடரையும் பிரின்ட் செய்து பாருங்கள். 8 சிபியுவில் 'காமன்பூல்-வொர்க்கர்' என்றும் 'ஆப்கிளாஸ்லோடர்' (அதாவது சிஸ்டம் லோடர்) என்றும் வரும், 2 சிபியுவில் வெறும் 'த்ரெட்-0', கூடவே உங்கள் லேயரின் லோடர். ஜேவிஎம்முக்கு எத்தனை சிபியு என்று சொல்லும் ஆக்டிவ்ப்ராசசர்கவுன்ட் ஆப்ஷனை 2, 8 என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரே லேப்டாப்பில் இரண்டையும் வரவழைக்கலாம்.

சரி, எப்படிச் சரிசெய்வது? உங்கள் சொந்தக் கோடு என்றால் த்ரெட்டை நம்பவே வேண்டாம், சர்வீஸ்லோடரின் லோட் மெத்தடுக்கு மாட்யூல்லேயரையே நேரடியாகக் கொடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த வகை லோட், கிளாஸ்பாத்தில் கிடக்கும் பெயரில்லாத மாட்யூலின் ப்ரொவைடர்களைப் பார்க்காது. பழைய ஜார் ஏதாவது இன்னும் கிளாஸ்பாத்தில் இருந்தால் லேயருக்குப் பதிலாக லோடரைக் கொடுக்கும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

மாற்ற முடியாத வெளி லைப்ரரி உள்ளே இதே தேடல் நடந்தால், அதைக் கூப்பிடும் முன் கான்டெக்ஸ்ட் லோடரை மாற்றி, ஃபைனலி பிளாக்கில் பழையதைத் திரும்ப வையுங்கள். திரும்ப வைக்க மறந்தால் அந்த த்ரெட் அடுத்த வேலைக்கும் உங்கள் லோடரோடுதான் போகும், ஜாவா 8இன் ஒழுகலை நீங்களே கையால் செய்தது போல ஆகிவிடும். இப்படிப்பட்ட இடங்கள் நிறைய என்றால் சொந்த எக்ஸிக்யூட்டர் (வேலைகளை ஓட்டும் த்ரெட் பூல்) வைத்து, அதற்கு த்ரெட்டுகளை உருவாக்கித் தரும் த்ரெட்ஃபேக்டரியிலேயே லோடரை செட் செய்துவிடுங்கள். தானாக வந்து சேரும் என்று விட்டால், முதலில் வேலை கொடுத்த த்ரெட் எதுவோ அதன் லோடர்தான் வந்து உட்காரும்.

அப்புறம், பேரலல்ஸ்ட்ரீம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதுவும் காமன் பூலில்தான் ஓடும்; ஆனால் அங்கே கூப்பிட்ட த்ரெட்டும் வேலையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அதனால் சில உருப்படிகளுக்கு ப்ளகின் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது, எவற்றுக்கு என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்.