தானே முளைத்துவிடுமா?

கேள்வி: நீலத்திமிங்கலத்தைக் கொன்றால் போனது போனதுதான். மரத்தை வெட்டினால் மறுபடி முளைத்துவிடும். அப்படியிருக்க, ஆஸ்திரேலியாவில் ரெக்னன்ஸ் யூகலிப்டஸ் மரங்களை வெட்டியதைத் திமிங்கல வேட்டையோடு சேர்த்துப் பேசுவது அபத்தம் இல்லையா?

பதில்: எந்த யூகலிப்டஸை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள்? வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் ரகங்கள் நிறைய உண்டு. ரெக்னன்ஸ் அந்த ஜாதி இல்லை. 100 மீட்டர் வரை வளரும் இந்த மரம், கடுமையான காட்டுத்தீ வந்தால் அப்படியே செத்துப்போகும். உச்சிக் காய்களில் அடைத்து வைத்திருந்த விதைகளை மட்டும் சாம்பல்மேல் கொட்டிவிட்டுச் சாகும். அடுத்த தலைமுறை அதிலிருந்துதான். அந்தக் கன்றுகள் போதுமான விதை பிடிக்க 15, 20 ஆண்டு வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் கன்றும் போச்சு, விதையும் இல்லை. இடத்தை அகேசியா மரங்கள் பிடித்துக்கொள்ளும். விக்டோரியா மாநிலத்தில் 1939லும் 2009லும் இந்தக் காடுகள் பெரிய அளவில் எரிந்திருக்கின்றன. இதெல்லாம் பயமுறுத்தச் சொல்லும் கதை அல்ல.

வெட்டியவர்கள் மிச்சத்தை எரித்து விதை தூவிவிட்டுத்தானே போனார்கள் என்பீர்கள். சரி, கன்று வந்தது. லெட்பீட்டர் பாஸம் என்ற சின்ன விலங்குக்குக் கன்றால் என்ன பயன்? அதற்குக் குடியிருக்க மரப்பொந்து வேண்டும். ரெக்னன்ஸில் அப்படிப் பொந்து விழ நூறாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் நீலத்திமிங்கலம் பேரன் பேத்தி எடுத்துவிடும்!

திமிங்கலத்தைப் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. 20ஆம் நூற்றாண்டில் அண்டார்க்டிக் கடல்பகுதியில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். 1966ல் தடை வந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் திருட்டு வேட்டை நடந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான். இருந்தும் எண்ணிக்கை மெல்ல ஏறி வருகிறது. பழைய கணக்கில் அது இன்னும் சிறு பங்குதான் என்பது வேறு விஷயம்.

ஆக, ஒப்பீடு சரியில்லை என்று நீங்கள் சொல்வது ஒரு வகையில் உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. விக்டோரியா அரசு 2024 தொடக்கத்தோடு அரசுக்குச் சொந்தமான இயற்கைக் காடுகளில் மரவெட்டுத் தொழிலை முடித்துக்கொண்டது. வெட்டியிருக்கலாம் என்பதற்கு வேறு வாதம் இருந்தால் எழுதுங்கள், தாராளமாகப் போடுகிறோம். தானே முளைத்துவிடும் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.