வாங்கும் முன்: துணிக்கூரை காரும் தார் ஷீட்டும்

கேள்வி: பெங்களூரில் இருந்து இரண்டு பேர் உட்காரும் பழைய சாஃப்ட் டாப் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தேன். ரிங் ரோட்டில் 90-ல் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. முழு 'சவுண்ட் புரூஃப்' செய்ய 60,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா? (திருநகர்)

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். காரை ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இருந்தே தெரிகிறது.

முதலில் காரை நிறுத்தி வைத்து எஞ்சினை 3,000 ஆர்பிஎம்-ல் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) பிடியுங்கள். அதே இரைச்சல் நின்ற இடத்திலும் வந்தால் சைலன்ஸர் பக்கம் கோளாறு. சைலன்ஸர் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் கிழிந்து குழாய் பாடியில் இடித்தாலும் உள்ளே அதிரும். அந்த ரப்பர் மாற்ற சில நூறு ரூபாய்தான் ஆகும். நின்றால் அமைதி, ஓடினால்தான் சத்தம் என்றால் டயர் அல்லது காற்று. தார் ரோட்டில் இருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தம் மாறினால் டயர். ரோடு எதுவானாலும் வேகம் கூடக் கூடக் காதோரம் உஸ்ஸென்று வந்தால் காற்று.

காற்று என்றால் கதவு இடுக்கில் ஒரு 10 ரூபாய் நோட்டை வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் பீடிங் (ஓரத்து ரப்பர்) அமுங்கிவிட்டது. கண்ணாடியின் மேல் விளிம்பு, துணி முன் கண்ணாடிச் சட்டத்தோடு சேரும் இடம், எல்லாவற்றையும் இப்படிச் சாண் சாணாகப் பாருங்கள். பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போதும். வாசலின், எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் உப்பிக் கெடும்.

டயர் சத்தம் என்றால் பின் சக்கரத்தின் மேல் வளைவிலும் சீட்டுக்குப் பின்னால் உள்ள தகரத்திலும் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் ஷீட்) ஒட்டினால் பலன் தெரியும். தகரத்தின் அதிர்வை அடக்க அதன் பரப்பில் கால் பங்கு மூடினாலே பெரும்பாலும் போதும், முழுக்க ஒட்டச் சொல்வது ஷீட் விற்பதற்காக. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. சாஃப்ட் டாப்பில் மழைத் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும்.

அப்புறம், எவ்வளவு செலவழித்தாலும் மேலே இருப்பது துணி. வெளிச்சத்தத்தை உள்ளே விடாமல் நிறுத்துவது எடைதான். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினாலே 6 டெசிபல் அளவுக்குத்தான் குறையும். பக்கத்து லாரியின் சத்தம் கூரை வழியே வரும். 60,000-க்கு அது மாறாது.

கேள்வி: சாஃப்ட் டாப் ஜீப்புக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்ட 28,000 கொடுத்தேன். ஏப்ரல் வந்ததும் உள்ளே தார் வாடை. மேட்டுக்கு அடியில் கறுப்பாக ஒழுகுகிறது. கடையில் "வெயில் அதிகம், நாங்கள் என்ன செய்ய" என்கிறார்கள். பில்லில் 'சவுண்ட் வேலை' என்று மட்டும் இருக்கிறது. (உசிலம்பட்டி)

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. மதுரைப் பக்கம் வெயில் அடிக்கும் என்பது ஷீட் விற்றவருக்குத் தெரியாதா?

மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டைக் காருக்கு விற்கிறார்கள். மேலே வெள்ளித் தாள், கீழே கறுப்புப் பசை என்று பார்வைக்கு அசல் பியூட்டைல் ஷீட் மாதிரியே இருக்கும், விலை அதைவிட மிகக் குறைவு. வெயிலில் பூட்டி வைத்த காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தார் அதில் இளகி இறங்கும், பியூட்டைல் இறங்காது.

எட்டு வருடம் முன்பு என் பழைய ஜீப்பின் கதவுகளுக்கும் இதையே ஒட்டினார்கள். மே மாதம் ஒரு நாள் கண்ணாடி பாதியில் நின்றது. கதவின் உள்பக்க மூடியான டிரிம்மைக் கழற்றிப் பார்த்தால் ஷீட் முழுதாக நழுவி, கண்ணாடி இறங்கும் வழியில் ஈரத் துணி போல மடிந்து கிடந்தது. விரலில் பட்ட கறுப்பு சோப்பில் போகவில்லை, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று, அந்தக் கூலி ஷீட் விலையைவிட அதிகம். அந்த வாடையோடு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஷீட் வாங்கப் போகிறவர்கள் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு தகரத்தில் ஒட்டி, மாடியில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். இறங்கினாலோ வாடை வந்தாலோ வேண்டாம். துண்டு தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

சரி, உங்கள் பணம். ஒழுகலைப் படம் எடுங்கள், ஒரு துண்டை உரித்துப் பத்திரப்படுத்துங்கள். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சாட்சிதான். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடைக்குக் கடிதம் எழுதுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: சத்தம் தெரியாமல் இருக்க இயர்பட்ஸ் போட்டு ஓட்டலாமா? (கோச்சடை)

பதில்: கூடாது. ஆம்புலன்ஸ் வருவது கேட்காது.

கேள்வி: ஆன்லைனில் 'ஸ்போர்ட்ஸ்' சைலன்ஸர் வாங்கி மாட்டினேன். 3,000 ஆர்பிஎம்-ல் உள்ளே ஊம் என்று தலை வலிக்கிறது. டிக்கியில் பஞ்சு அடைத்தால் சரியாகுமா? பில் இல்லை, விற்றவர் போன் எடுப்பதில்லை. (மேலூர்)

பதில்: ஆகாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்-ல் நொடிக்கு 100 தடவை வெடிக்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் 3 மீட்டருக்கு மேல். பஞ்சு அதை நிறுத்தாது. கம்பெனி சைலன்ஸரைத் திரும்ப மாட்டுங்கள். அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பில் வாங்காமல், விற்பவர் யாரென்று பார்க்காமல் பணம் அனுப்பி, அசலையும் எடைக்குப் போட்டால் நான் என்ன சொல்ல? மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி சத்த விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். பழைய பாகம் விற்கும் கடைகளில் உங்கள் மாடலுக்கான அசலைத் தேடுங்கள்.

கேள்வி: புது டயர் நான்கு போட்டும் இரைச்சல் குறையவில்லை. பழகப் பழகக் குறையும் என்கிறார் கடைக்காரர். (அண்ணா நகர்)

பதில்: டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) எழுத்துகளோடு வரும் வரிசையின் முடிவில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. கடையில் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும், இறுகிய டயர் கத்தும். அந்த எண்ணைப் பாராமல் நானும் ஒரு செட் வாங்கி ஏமாந்திருக்கிறேன். நான்கு டயரிலும் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு எனக்கு அனுப்புங்கள். பழைய சரக்கு என்றால் கடைக்கு என்ன எழுத வேண்டும் என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.