கடை மின்னஞ்சலில் போன சுயவிபரக்கோவை

கேள்வி: எனக்கு வயது 32. இடம் புதுக்குடியிருப்பு. 2009இல் போரால் படிப்புக் குழம்பி, செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பிய பின் 2011இல்தான் சாதாரண தரம் எழுதினேன். 2014இல் உயர்தரம், வர்த்தகம். கூட்டுறவுச் சங்கக் கடையில் நாலு வருசம் காசாளர். பிள்ளை பிறந்தபின் வேலைக்குப் போகவில்லை. மாதர் சங்கப் பொருளாளராக மட்டும் இருந்தேன். கிளிநொச்சி, வவுனியா நிதி நிறுவனங்களுக்குச் சுயவிபரக்கோவை அனுப்பி அனுப்பிக் களைத்துவிட்டேன். ஒரு அழைப்பும் இல்லை. பிரதி இணைத்துள்ளேன். எங்கே பிழை?

பதில்: பிரதியைப் பார்த்தோம். தகுதியில் குறையில்லை, தாளில்தான் குறை. அதற்கும் முதல் ஒன்று: நீங்கள் அனுப்பியது சந்தியிலுள்ள தட்டச்சுக் கடையின் மின்னஞ்சலில் இருந்து. பதில் வந்திருந்தாலும் கடைக்காரருக்குத்தான் வந்திருக்கும். இன்றே உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் திறவுங்கள்.

அடுத்தது, கடையில் பாமினி எழுத்துருவில் தட்டி, வேர்ட் கோப்பாகவே அனுப்பியிருக்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டி, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்ப வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது, பெரும்பாலும் கொழும்புத் தலைமையகத்திலும் யாராவது வாசிப்பார்கள்.

இனி உள்ளடக்கம். நாலு பக்கத்தில் முதல் பக்கம் முழுக்க மதம், பால், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரி. வேலை மூன்றாம் பக்கத்தில், அதுவும் 'காசாளர், 4 வருடம்' என்ற ஒரே வரியில்! ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. மேலே பெயர், ஊர், தொலைபேசி, மின்னஞ்சல். உடனே வேலை அனுபவம். பிறகு படிப்பு. காசாளர் வேலையை இப்படி விரித்து எழுதலாம்:

'காசாளர், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளை (தொடங்கிய மாதம் – முடிந்த மாதம்). நாளாந்த விற்பனைக் காசைப் பற்றுச்சீட்டுடன் ஒப்பிட்டு வங்கியில் வைப்பிட்டேன். மாத இறுதி இருப்புக் கணக்கெடுப்பில் பங்கெடுத்தேன்.'

காசு ஒருநாளும் குறையவில்லை என்று முகாமையாளர் சொல்லுவார் என்றால் அதையும் சேருங்கள். செய்யாத எதையும் எழுத வேண்டாம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

நீங்கள் 'ஏனையவை' என்ற தலைப்பில், வலைப்பந்துக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும் பொருளாளர் பதவிதான் உங்கள் பலம். அங்கத்தவர் எத்தனை பேர், சுழற்சிக் கடனில் (அங்கத்தவருக்கு மாறி மாறிக் கொடுக்கும் சங்கக் காசில்) எவ்வளவு நின்றது, நிலுவையை எப்படி அறவிட்டீர்கள் என்று இரண்டு வரி எழுதி, அனுபவத்தின் கீழேயே போடுங்கள். நிதி நிறுவன வெளிக்கள உத்தியோகத்தர் செய்வது இதைத்தான். மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் அதற்கும் ஒரு வரி. வீடு வீடாகப் போகும் வேலைக்கு அதை முதலில் தேடுவார்கள்.

2009 பற்றித் தாளில் ஒன்றும் எழுதத் தேவையில்லை. பரீட்சை எழுதிய ஆண்டு போதும். முகாமையும் இழப்பையும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது அனுதாபத்தைத் தரலாம், வேலையைத் தராது. கேட்டால் நேரில் ஒரு வசனத்தில் சொல்லுங்கள். பிள்ளை பிறந்தபின் வந்த இடைவெளிக்கு 'பிள்ளை பராமரிப்பு' என்று ஆண்டுகளுடன் ஒரு வரி. வெறுமையாக விட்டால்தான் சந்தேகம் வரும். சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், சுட்டெண்ணையும் ஆண்டையும் கொடுத்துப் பரீட்சைத் திணைக்களத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள், அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

'சிங்களம்: நன்று' என்பதை அழியுங்கள். 'பேசுவேன், எழுதத் தெரியாது' என்று உள்ளபடி எழுதுங்கள்.

இது தனியார் வேலைக்கு. அரச வேலைக்கு வர்த்தமானி அறிவித்தலில் கேட்டபடியே விண்ணப்பிக்க வேண்டும், சுயவிபரக்கோவை மட்டும் உதவாது.

கடைசியில், நிறுவனம் உங்களைப் பற்றி விசாரிக்க, உறவினர் அல்லாத இருவரின் பெயர். நீங்கள் கொடுத்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மற்றவர் பாடசாலை அதிபர். இருவரும் உங்கள் வேலையைக் கண்டவர்கள் அல்ல. கூட்டுறவுக் கிளை முகாமையாளரையும், மாதர் சங்கக் கணக்கைப் பார்த்த கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேட்டுப் பெயரைப் போடுங்கள். போட முதல் இருவரின் தொலைபேசி இலக்கங்களுக்கும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள், இப்போதும் வேலை செய்கின்றனவா என்று.