பாவித்த கொம்பியூட்டர்: ‘ஐ5’ என்றதும் காசை நீட்டாதீர்கள்

திருகோணமலை திருக்கடலூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகன் உயர்தரத்துக்கு ஐ.சி.டி. எடுத்திருக்கிறான். டவுனில் ஒரு கடையில் பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 இருக்கிறது. கோர் ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். “ஒஃபிஸில பாவிச்ச சாமான், ஒரு பழுதும் இல்லை” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

கடைக்காரர் கேட்கும் விலைக்கு அப்படியே வேண்டாம். விலையைக் குறைத்து, பெட்டியைத் திறந்து பார்க்கவும் விட்டால் வாங்கலாம்.

ஐ5 என்பது புரொசெசரின் (கொம்பியூட்டரின் மூளை போன்ற சிப்) பெயர்; அது 2009 முதல் இருக்கிறது. வயதைக் காட்டுவது அதன் பின்னால் வரும் எண்தான். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012ஆம் ஆண்டுச் சாமான். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018. மாடல் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. 2012இல் வந்த 7010 என்ற அதே எண்ணை டெல் 2023இலும் வேறொரு பெட்டிக்கு வைத்தது. கடையிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபோமன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் புரொசெசரின் முழுப்பெயர் தெரியும். ஐ5க்குப் பிறகு 3 என்று தொடங்கினால் அது பழைய 7010தான்.

அதற்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசொஃப்டின் விதி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. “பதினொன்று போட்டுத் தாறம்” என்று கடையில் சொல்வார்கள். குறுக்கு வழியில் போட்டால் ஓடும்; ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. பைதன் புரோகிராமிங் படிக்க, ஸ்ப்ரெட்ஷீட் செய்ய, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும், அதுவும் இலவசம். மகன் அதைப் பழகத் தயாரா என்று முதலில் அவனிடமே கேளுங்கள்.

இனி, திருகோணமலையில் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது: உப்பு. கடற்கரையோரம் பல வருடம் நின்ற பெட்டிக்குள் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும். வெளியே துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். பக்க மூடியைக் கழற்றச் சொல்லி, கைபேசியின் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். ஸ்குரூ ஆணிகளிலும் கேசிங் ஓரத்திலும் கொஞ்சம் துரு இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்பக்க யு.எஸ்.பி. துளைகளின் உள்ளேயோ, ராம் செருகும் இடத்திலோ, மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பொருத்தும் பெரிய பலகை) சிப்களின் கால்களைச் சுற்றியோ பச்சையாகப் பூத்திருந்தால் பேரமே பேசாமல் வந்துவிடுங்கள். அது செம்பு அரிக்கிற பச்சை. இன்று ஓடுகிற பெட்டி வாடைக்காற்று மாதங்களின் ஈரத்தில் படுத்துவிடும்; அப்போது அதைத் திருத்திக் கொடுக்க ஆளும் கிடைக்காது. மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ மண்ணிறமாகக் கசிந்திருந்தாலோ அதையும் விட்டுவிடுங்கள்.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 250 நாள் என்றால் பத்து வருட அலுவலக வேலையில் அது 20,000 மணித்தியாலம் சுழன்றிருக்கும். அதில் மகனின் புரொஜெக்ட்டை வைப்பது ஆபத்து. அதற்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் இந்தப் பழைய பெட்டி எழும்பும் வேகமே வேறு. 2.5 அங்குல சாட்டா வகையைக் கேளுங்கள். புதிய மதர்போர்டுகளில் நேரே செருகும் எம்.2 வகைக்கு இதில் இடமில்லை.

மொனிட்டர் தனியாக வாங்குவதென்றால் ஒன்று கவனியுங்கள்: பழைய 7010இல் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. வி.ஜி.ஏ.யும் டிஸ்பிளேபோர்ட்டும்தான். வைஃபையும் பெரும்பாலும் இருக்காது, சின்ன யு.எஸ்.பி. டொங்கிள் வாங்க வேண்டிவரும். ஒடுங்கிய சின்னப் பெட்டியை விட டவர் என்ற பெரிய பெட்டி நல்லது. சின்னதன் பவர் சப்ளை டெல்லுக்கென்றே செய்த வடிவம், பழுதானால் மாற்றுக் கிடைப்பது கஷ்டம்.

ஓட்டிப் பார்க்கும்போது ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடாதீர்கள். யூடியூபில் 1080பி வீடியோவை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். விசிறி கத்தினால் தூசியோ புரொசெசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்ததோ காரணமாக இருக்கலாம், அது சின்ன வேலை. தானாக நின்றுபோனால் வேண்டாம். பிறகு கரண்ட் வயரைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். திகதி பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டரி முடிந்துவிட்டது. அதை மாற்றப் பெரிய செலவில்லை, அதற்காக நல்ல பெட்டியைக் கைவிட வேண்டாம்.

விலைக்கு என் அளவுகோல் இது. கடைக்காரர் கேட்கும் தொகையோடு எஸ்.எஸ்.டி., டொங்கிள், மொனிட்டர் வயர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதே டவுனில் எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றின் விலையையும் விசாரியுங்கள். உங்கள் கூட்டுத்தொகை அதில் பாதிக்குள் வந்தால் வாங்கலாம். பாதியைத் தாண்டினால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துக் காசு சேர்த்து எட்டாம் தலைமுறையே எடுங்கள். பரீட்சை முடிந்து, பிள்ளை மேற்படிப்புக்குப் போகும்போதும் அது கைகொடுக்கும். எதை எடுத்தாலும் பில்லில் புரொசெசரின் முழு எண்ணையும் ஒரு மாத உத்தரவாதத்தையும் எழுதி வாங்குங்கள்.