மேஜைமேல் ஒரு கிரீடம்

அன்புள்ள ஐயா,

லிஸ்பனில் வேலை பார்க்கும் என் தம்பி அங்குள்ள அரச ஓவியங்களைப் படம் பிடித்து அனுப்பினான். அங்கி, செங்கோல் எல்லாம் இருக்கிறது, தலையில் மட்டும் கிரீடம் இல்லை. பக்கத்து மேஜையில் இருக்கிறது! போர்த்துகல் 60 வருடம் ஸ்பெயினுக்கு அடங்கிக் கிடந்த அவமானம்தான் காரணம் என்கிறது ஒரு யூடியூப் காணொளி. உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 60 வருடத்துக்கும் கிரீடத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அவமானம் என்பது சரியில்லை. அது காணிக்கை.

1578-இல் போர்த்துகலின் 24 வயது மன்னர் செபஸ்தியான் மொராக்கோவில் போருக்குப் போய் மடிந்தார். பிள்ளை இல்லை. அடுத்து வந்தவர் அவருடைய தாத்தாவின் தம்பி ஹென்றிக். வயதான கார்டினல், அதாவது மணம் செய்யாத கத்தோலிக்க உயர் குரு. அவருக்குப் பிள்ளை ஏது? 1580-இல் அவரும் போய்விட, முன்னாள் மன்னர் மானுவலின் மகள் வயிற்றுப் பேரன் என்ற உரிமையைச் சொல்லிக்கொண்டு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் படையோடு வந்து போர்த்துகலுக்கும் மன்னரானார். அந்த 60 வருடம் அப்படித்தான் தொடங்கியது.

1640 டிசம்பர் 1 காலை, போர்த்துகல் பிரபுக்களின் சிறு கூட்டம் ஒன்று லிஸ்பன் அரண்மனைக்குள் புகுந்தது. ஸ்பெயினுக்கு வேலை பார்த்த செயலர் மிகேல் த வாஸ்கொன்செலோஸ் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். தேடிப் பிடித்து, சுட்டு, ஜன்னல் வழியாகச் சதுக்கத்தில் வீசினார்கள். போர்த்துகலின் பெரிய பிரபுவான பிரகன்சா கோமகன் நான்காம் ஜோவான் என்ற பெயரில் மன்னரானார். முதலில் ரொம்பவே தயங்கியவர் அவர். சங்கீதப் பைத்தியம் வேறு. அவர் சேர்த்த இசை நூலகம் 1755 நிலநடுக்கத்தில் அழிந்தது. எனக்கு அரியணையைவிட அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

சரி, கிரீடத்துக்கு வருவோம். 1646-இல் ஜோவான் அமலோற்பவ மாதாவை (கன்னி மரியாளை) நாட்டின் காவலியாக அறிவித்து, தன் கிரீடத்தை விலா விசோசா என்ற ஊரின் கோயில் மாதாவுக்குக் காணிக்கையாக்கினார். அதன்பின் போர்த்துகல் மன்னர் யாரும் தலையில் கிரீடம் வைப்பதில்லை என்பது மரபானது. உங்கள் தம்பியின் படங்களில் கிரீடம் மேஜைக்குப் போனதற்குக் காரணம் இதுதான்.

இது வெறும் பக்திதானா? எனக்குச் சந்தேகம். ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்தது. போப்பாண்டவரோ புதிய மன்னரை அங்கீகரிக்கவில்லை. 1668-இல்தான் ஸ்பெயின் இறங்கிவந்து போர்த்துகலின் விடுதலையை ஏற்றது. அப்படி இருக்கும்போது 'கிரீடம் மாதாவுடையது' என்று சொல்லிவிட்டால், கத்தோலிக்க ஸ்பெயின் என்ன பதில் சொல்லும்? நல்ல யோசனை.

பட்டாபிஷேகம் இல்லாமல் எப்படி மன்னராவது என்று கேட்பீர்கள். அங்கே சடங்கு வேறு. மன்னர் உறுதிமொழி எடுப்பார், கூட்டம் வாழ்த்தொலி எழுப்பும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அப்படியும் கிரீடம் செய்தார்கள். நெப்போலியனின் படைக்குத் தப்பி 1807-இல் கப்பலேறி பிரேசில் போன ஆறாம் ஜோவானுக்காக, 1817-இல் ரியோ டி ஜெனிரோவில் தங்கத்தில் ஒன்று செய்யப்பட்டது. 1818 பிப்ரவரியில் விழா நடந்தபோதும் அது பக்கத்தில்தான் இருந்தது. 1910-இல் மன்னராட்சி போய், கடைசி மன்னர் இரண்டாம் மானுவல் எரிசெய்ரா கடற்கரையில் படகேறி நாட்டைவிட்டுப் போனார். கிரீடம் போகவில்லை. லிஸ்பனிலேயே அஜுடா அரண்மனையில் இருக்கிறது. தம்பியை ஒருநாள் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.