பீட் வெட்டிய நிலம் மீளுமா?

கேள்வி: மாடித் தோட்டத்தில் நாற்று வளர்க்க நர்சரியில் ‘பீட் மாஸ்’ வாங்குகிறேன். அது கனடாவின் சதுப்பு நிலங்களில் வெட்டி எடுக்கப்படுவதாக அறிந்தேன். வெட்டிய நிலம் பழைய நிலைக்குத் திரும்புமா? நான் அதை வாங்குவதை நிறுத்திவிட வேண்டுமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு.

பதில்: தானாகத் திரும்புவது மிக அரிது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த தாவர எச்சம். வடிகால் வெட்டி, மேற்பரப்பை உலரவிட்டு, உறிஞ்சும் இயந்திரங்களால் பீட்டை அள்ளிய பிறகு எஞ்சுவது, கோடையில் காய்ந்து காற்றில் பறக்கும் கரிய வெற்றுப் பரப்புதான். அந்த நிலத்தைப் படிப்படியாக உருவாக்கிய ஸ்பாக்னம் பாசிக்கு வேர் கிடையாது. நீர்மட்டம் இறங்கிவிட்டால் ஆழத்திலிருந்து நீரை எடுத்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

இதற்கு நம்பகமான சான்று கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள புவா தெ பெல் சதுப்பு நிலம். 1980-இல் பீட் எடுப்பது நின்ற பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தும் அங்கே ஸ்பாக்னம் மீண்டும் பரவவில்லை. 1999-இல் லாவால் பல்கலைக்கழகத்தின் லீன் ரோஷ்ஃபோர் குழுவினர் வடிகால்களை அடைத்து, இயற்கையான சதுப்பு நிலமொன்றின் மேற்பரப்பிலிருந்து பாசியைச் சேகரித்து, சேகரித்த இடத்தைப்போல் சுமார் பத்து மடங்கு பரப்பில் தூவி, அதன்மேல் வைக்கோல் மூடாக்கு இட்டனர். இந்த மூடாக்கு எளிய வேலையாகத் தோன்றினாலும், ஈரத்தைக் காத்து வெயிலைத் தணிக்கும் அது இல்லையென்றால் தூவிய பாசித் துண்டுகளில் பெரும்பாலானவை கருகிவிடும். அருகிலேயே ஒரு பகுதியைச் சீரமைக்காமல் விட்டுவைத்து ஒப்பிட்டார்கள் என்பதால்தான் இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்குள் சீரமைத்த பகுதி, மீத்தேன் வெளியேற்றத்தையும் கணக்கில் சேர்த்த பின்னும், வெளிவிடுவதைவிட அதிகக் கார்பனை உள்வாங்கும் நிலமாக மாறியது.

ஆனால் மீண்டது பாசிப் போர்வை மட்டுமே. பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே சேர்வதால், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் அது திரும்பச் சேர ஈராயிரம் ஆண்டுகள் ஆகும். அந்த அடுக்குகளில் உறைந்திருக்கும் வரலாறோ ஒருபோதும் திரும்பாது. உங்கள் ஊரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் பிற ஆய்வாளர்களும் நீலகிரியின் பீட்டைக் கொண்டே இருபதாயிரம் ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றங்களை அறிந்து 1993-இல் வெளியிட்டார்கள்.

ஆகவே, நாற்றுக்காக மட்டும் பீட் மாஸ் வாங்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கோகோபீட் (தேங்காய் மட்டைத் தூள்) அதற்குப் போதும். உப்பு நீங்க அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சத்துக்காக மண்புழு உரம் கலந்துகொள்ளுங்கள்.