போலந்திலிருந்து வந்த நோர்வேக்காரர்

கேள்வி: ஒஸ்லோவில் மொழி வகுப்புக்குப் போகிறேன். நோர்வே மொழி கற்றுத்தரும் எங்கள் ஆசிரியர் போலந்துக்காரர். வேலையிடத்தில் இதை நோர்வே மொழியில் சொன்னால், "நோர்வேக்காரர் எப்படிப் போலந்திலிருந்து வருவார்?" என்று சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?
- ஒரு வாசகி, ஒஸ்லோ

பதில்: சொல் சரிதான், அழுத்திய இடம்தான் தப்பு. 'நொஷ்க்' நோர்வே மொழியையும் குறிக்கும், நோர்வே நாட்டவரையும் குறிக்கும்; 'லேரர்' ஆசிரியர். 'நொஷ்க்லேரர்' என்று ஒரே சொல்லாக, 'நொஷ்க்'கில் ஊன்றி, 'லேரர்' என்பதைக் கொஞ்சம் மெலிதாக விட்டால் மொழி ஆசிரியர். இரண்டாகப் பிரித்து 'லேரர்' மேலும் முழு எடையைப் போட்டால் நோர்வே நாட்டு ஆசிரியர். நாம் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லிப் பழகியவர்கள். அதனால் உங்கள் ஆசிரியரின் குடியுரிமை மாறிவிட்டது!

எழுத்திலும் இதே கதைதான். ஒரு ஈஸ்டருக்குப் பக்கத்து வீட்டு அம்மா கடைக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்டார். ஆட்டுத்தொடைக்கு 'லம்மெலோர்' என்று சேர்த்து எழுதாமல், நடுவே இடம் விட்டுவிட்டேன். 'லம்மெ லோர்' என்றால் முடங்கிப்போன தொடைகள். அந்தச் சீட்டு வெகுநாள் அவர் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

சேர்த்து எழுதிய சொல்லை எங்கே பிரிப்பது? 'வேலை தேடினான்', 'வேலைத் தேடினான்' என்று ஒற்றைப் பார்த்துப் பொருள் பிரிக்கிற நமக்கு இது புதிதல்ல. கார் உதிரிபாகங்களுக்கு 'பீல்தேலெர்' என்பார்கள். 'பீல்' கார், 'தேலெர்' பாகங்கள். அதே எழுத்துகளை 'பில்தெ', 'லேர்' என்று பிரித்தால் படமும் களிமண்ணும்! காதுக்கு இந்தக் குழப்பமே இல்லை. காரில் 'பீ' நீளும், படத்தில் 'பி' குறுகும். அழுத்தம் என்பது உரக்கக் கத்துவதல்ல. அந்த அசையில் உயிரோ அடுத்த மெய்யோ நீள வேண்டும்.

இரவு ரயிலான 'நத்தோக்' இன்னும் வேடிக்கை. 'நத்'தில் இரண்டு 'த்', 'தோக்'கில் ஒன்று. சேர்த்து எழுதும்போது மூன்றில் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். வரி முடிவில் சொல்லை உடைத்தால் விழுங்கியது திரும்பி வந்துவிடும்.

சரி, ஊர்ப் பெயர்களை மட்டும், முதல் பகுதியில் ஊன்றும் இந்தக் கணக்கில் நம்பாதீர்கள். கிறிஸ்தியான்சானில் அழுத்தம் கடைசி 'சான்' மேல்.